17 நாள் பிள்ளைக்குச் சூப்பி கொடுக்கலாமா?

மகள், உங்கள் கேள்வியை இரண்டு தடவை வாசித்தேன். பிள்ளைக்கு இன்று 17 நாள். தலைப்பிள்ளை, ஆண்பிள்ளை, சுகப்பிரசவம், பிறந்தபோது 2 கிலோ 850 கிராம். பகலில் பால் குடித்துவிட்டு நன்றாக நித்திரை கொள்கிறான். பின்னேரம் ஆறு மணிக்குத் தொடங்கினால் பத்து மணி வரைக்கும் அழுகை. பால் கொடுத்து அரை மணித்தியாலம் ஆகவில்லை, திரும்பவும் வாயைத் திறந்து தேடுகிறான். மாமி பால் காணாது என்கிறார். கனடாவிலிருக்கும் மச்சாள் அனுப்பிய பார்சலில் இரண்டு சூப்பி, பிள்ளை சும்மா சூப்புகிற பால் வராத இறப்பர் காம்பு, வந்திருக்கிறது. "இங்கே டாக்டரே கொடுக்கச் சொல்கிறார்" என்று அவர் போனில் சொன்னாராம். வாட்டில் இருந்த தாதியோ, அதைக் கையாலும் தொட வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். யார் சொல்வதைக் கேட்பது, கொடுக்கலாமா கூடாதா, ஒரு சொல்லில் சொல்லுங்கள் என்று முடித்திருக்கிறீர்கள்.

ஒரு சொல்லில் என்றால்: இப்போது வேண்டாம், இன்னும் இரண்டு மூன்று கிழமை போகட்டும். ஆனால் அதை மட்டும் சொல்லி விட்டால் இன்றைக்குப் பின்னேரமே உங்களுக்குத் திரும்பவும் சந்தேகம் வரும். உங்கள் கேள்விக்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. "என் பால் பிள்ளைக்குக் காணுமா?" மாமி சொன்னது மனதில் தைத்துவிட்டது. அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் சூப்பி சின்ன விஷயம். கிடைக்காத வரைக்கும், கொடுத்தாலும் பிழை செய்தது போல இருக்கும், கொடுக்காவிட்டாலும் பிழை செய்தது போல இருக்கும்.

நான் 31 வருடம் குடும்பநல உத்தியோகத்தராக, ஊரில் சொல்வதுபோல மிட்வைஃப்பாக, திருகோணமலை மாவட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். தொடக்கத்தில் கிண்ணியாப் பக்கம். 2009இல் பாலம் திறக்கும் வரைக்கும் பாதையில், அதாவது ஆட்களை ஏற்றும் மிதவைப் படகில், ஏறித்தான் அக்கரைக்குப் போக வேண்டும், தராசைப் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு போவேன். பிறகு நிலாவெளி, கடைசியில் டவுனுக்குள். நான் டாக்டர் இல்லை. உங்கள் பிள்ளையை நான் பார்க்கவும் இல்லை. கீழே எழுதுவதில் எது உறுதியானது, எது இன்னும் வாதத்தில் இருப்பது, எது என் சொந்த அபிப்பிராயம் என்று பிரித்துப் பிரித்துச் சொல்கிறேன்.

முதலில் பால் காணுமா என்ற விஷயம். இதில் சந்தேகத்துக்கு இடமில்லாத அளவுகள் இருக்கின்றன. பிறந்த பிள்ளை முதல் சில நாட்களில் நிறை குறையும். பிறந்த நிறையில் பத்தில் ஒரு பங்கு வரைக்கும்கூடக் குறையலாம். பிறகு ஏறத் தொடங்கி, 10 நாளிலிருந்து 14 நாளுக்குள் பிறந்த நிறைக்குத் திரும்பி வர வேண்டும். அதற்குப் பிறகு ஒரு நாளைக்கு 20, 30 கிராம் என்று ஏறும். ஆகவே உங்கள் மகன் 17ஆம் நாளில் 2850 கிராமைத் தாண்டியிருக்க வேண்டும். மற்றது சிறுநீர். 24 மணித்தியாலத்தில் ஆறு தடவைக்குக் குறையாமல், நிறம் இல்லாத தண்ணீர் போலப் போக வேண்டும். மலம் மஞ்சளாக, இளக்கமாக, இந்த வயதில் ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவையாவது போகும். பம்பேர்ஸ் கட்டினால் இந்தக் கணக்குத் தெரியாது, எல்லாவற்றையும் அது உறிஞ்சிவிடும். ஒரேயொரு நாள் பழைய வேட்டித் துணியைக் கட்டிவிட்டு எண்ணிப் பாருங்கள். கணக்குச் சரியாக வந்தால் பால் காணும். மார்பு இறுக்கமாக இல்லை, பிழிந்து பார்த்தால் கொஞ்சம்தான் வருகிறது, பிள்ளை அடிக்கடி கேட்கிறான் என்பதெல்லாம் பால் குறைவுக்கு அடையாளமே இல்லை.

அப்படியென்றால் பின்னேரத்தில் ஏன் இந்த அழுகை? பெரும்பாலான பிள்ளைகளுக்கு இரண்டாம் கிழமையில் அழுகை கூடத் தொடங்கி, ஆறாம் கிழமையளவில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தானாகவே அடங்கும். பின்னேரமும் முன்னிரவும்தான் அதற்கு நேரம். அந்த நேரத்தில் பிள்ளை விட்டு விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக, திரும்பத் திரும்பக் குடிக்கும். பார்க்கிறவர்களுக்கு வெறும் மார்பை உறிஞ்சுவது போலத் தெரியும். உண்மையில் அந்த உறிஞ்சல்தான் நாளைய பாலுக்கு இன்றைக்குச் சொல்லி வைப்பது. இறைத்த கிணறுதான் ஊறும் என்பார்களே, தாய்ப்பாலும் அப்படித்தான். பிள்ளை உறிஞ்ச உறிஞ்சத்தான் தாயின் உடம்பில் புரோலக்டின் என்ற ஹோர்மோன் சுரந்து பால் உண்டாகிறது. இரவில் அது இன்னும் கூடுதலாகச் சுரக்கும். மார்பில் பால் தேங்கி நின்றால், போதும் போலிருக்கிறது என்று உடம்பு உற்பத்தியைக் குறைத்துவிடும். முதல் நான்கைந்து கிழமையில்தான் இந்தக் கொடுக்கல் வாங்கல் ஒரு நிலைக்கு வருகிறது.

சூப்பியில் எனக்குள்ள பயம் இங்கேதான். பசித்த பிள்ளை உடனே அழுவதில்லை. முதலில் வாயைச் சப்பும், தலையை அங்குமிங்கும் திருப்பும், கையை வாய்க்குக் கொண்டுபோகும். அழுகை கடைசி அடையாளம். அந்த முதல் அடையாளங்கள் எல்லாமே சூப்பியை வாயில் வைத்தால் நின்றுபோகும். பிள்ளை உறிஞ்சும், உறிஞ்சிக் களைத்து நித்திரையாகிவிடும். வயிற்றுக்குள் ஒன்றும் போயிருக்காது. புதுப் பிள்ளை 24 மணித்தியாலத்தில் 8 தொடக்கம் 12 தடவை வரைக்கும் பால் குடிக்க வேண்டும். சூப்பி அதில் இரண்டு மூன்றைச் சத்தமில்லாமல் தின்றுவிடும்.

ஒரு பிள்ளையைச் சொல்கிறேன். நிலாவெளிப் பக்கம், நான் வீடு பார்க்கப் போன இடம். 16 நாள் பெண்பிள்ளை. தாய் பெருமையாகச் சொன்னாள், "மிஸ், என்ர பிள்ளை அழுகிறதே இல்லை." பார்த்தால் ஏணைக்குள் சூப்பியோடு அமைதியாகக் கிடக்கிறது. தூக்கித் தராசில் போட்டேன். பிறந்தபோது 2 கிலோ 900, அன்றைக்கு 2 கிலோ 700. எத்தனை தரம் பால் கொடுக்கிறாய் என்று கேட்டேன். அழுகிறபோது கொடுக்கிறேன் என்றாள். அது அழுதால்தானே! எண்ணிப் பார்த்தால் ஐந்து தடவைதான். அவளுக்குப் பாலில் குறை இல்லை, பிள்ளைக்கும் வருத்தம் எதுவும் இல்லை. சூப்பியை எடுத்துவிட்டு, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை எழுப்பிக் கொடுக்க வைத்தோம். ஒன்றரைக் கிழமையில் பிறந்த நிறையைத் தாண்டியது. அந்தப் பிள்ளை தப்பியதற்குக் காரணம், நான் போன நாளில் தராசைக் கொண்டுபோனதுதான். மழை என்று போகாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் சில வேளை நினைப்பேன்.

சரி, இது ஒரு பிள்ளையின் கதை. ஒரு கதையை வைத்து ஊருக்கெல்லாம் சட்டம் போட முடியாது. ஆராய்ச்சி என்ன சொல்கிறது? இதில்தான் உங்கள் தாதியும் மச்சாளும் முட்டிக்கொள்கிறார்கள், இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் 1989இல் தாய்ப்பாலூட்டலுக்குப் பத்துப் படிகள் என்று வகுத்தன. அதில் ஒன்பதாவது படி, தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்குப் போத்தல் காம்போ சூப்பியோ கொடுக்கவே கூடாது என்றது. 1991இல் அந்தப் படிகளை வைத்துத்தான் ஆஸ்பத்திரிகளைக் குழந்தைநேய ஆஸ்பத்திரிகளாக மாற்றும் திட்டம் தொடங்கியது. நாங்கள் எல்லோரும் அதைப் பாடமாக்கி வளர்ந்தவர்கள். அந்தத் தாதியும் அதைத்தான் சொல்லியிருப்பார். ஆனால் 2018இல் அந்தப் படிகளைத் திருத்தியபோது ஒன்பதாவது படியின் வார்த்தை மாறிவிட்டது. கொடுக்காதே என்பது போய், போத்தல், காம்பு, சூப்பி இவற்றின் பயன்பாட்டையும் ஆபத்துகளையும் பற்றித் தாய்க்கு ஆலோசனை சொல்லுங்கள் என்று வந்தது. சின்ன மாற்றம் போலத் தெரியும். முன்பு முடிவு ஆஸ்பத்திரியின் கையில் இருந்தது, இப்போது விளக்கம் சொல்லிவிட்டுத் தாயின் கையில் விடச் சொல்கிறார்கள்.

ஏன் மாற்றினார்கள்? சூப்பி பாவிக்கும் பிள்ளைகள் சீக்கிரம் தாய்ப்பாலை விட்டுவிடுகிறார்கள் என்று பல நாடுகளில் கண்டிருந்தார்கள். அது உண்மைதான். ஆனால் எது காரணம், எது விளைவு? மொன்றியலில் நடந்து 2001இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதைச் சோதித்தது. 281 தாய்மாரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்குச் சூப்பியைத் தவிர்க்கச் சொல்லிக் கொடுத்தார்கள். சும்மா கணக்குப் பார்த்தபோது, சூப்பி கொடுத்தவர்கள் சீக்கிரம் பாலை நிறுத்தியிருந்தார்கள். ஆனால் தவிர்க்கச் சொன்ன பகுதியையும் சொல்லாத பகுதியையும் ஒப்பிட்டால் வித்தியாசம் இல்லை. அதாவது, பாலூட்டுவதில் ஏற்கெனவே கஷ்டப்படுகிற தாய்தான் சூப்பியை எடுக்கிறாள். பெரும்பாலும் சூப்பி அந்தக் கஷ்டத்தின் அடையாளம். அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. சூப்பியைத் தவிர்க்கச் சொன்ன பகுதியில் பிள்ளைகள் கூடுதலாக அழவும் இல்லை. சூப்பி இல்லாவிட்டால் சமாளிக்கவே முடியாது என்று சொல்கிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். 2016இல், மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் கொக்ரேன் அமைப்பு வெளியிட்ட தொகுப்பாய்விலும் 1302 பிள்ளைகளின் கணக்கைச் சேர்த்துப் பார்த்து, நிறைமாதத்தில் பிறந்த சுகமான பிள்ளைகளுக்குச் சூப்பி கொடுத்ததால் நான்கு மாதம் வரைக்கும் தாய்ப்பாலில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை என்றுதான் வந்தது.

அப்படியென்றால் நான் ஏன் இன்னும் வேண்டாம் என்கிறேன்? அந்த ஆய்வுகளில் இருந்தவர்கள் பால் கொடுத்தே தீருவது என்ற உறுதியோடு இருந்த தாய்மார். பக்கத்தில் ஆலோசனை சொல்ல ஆள் இருந்தது. பால் காணாது என்று காதுக்குள் சொல்லிக்கொண்டே இருக்கும் வீட்டில், 31ஆம் நாள் துடக்குக் கழியும் வரைக்கும் வெளியே போகாத, முதல் பிள்ளையைப் பெற்ற தாய்க்கு அந்த முடிவு அப்படியே பொருந்துமா? பொருந்தலாம், பொருந்தாமலும் போகலாம். இது என் அபிப்பிராயம்தான், நிரூபணம் இல்லை. எங்கள் வீடுகளில் சூப்பி தனியாக வருவதில்லை என்பதை மட்டும் கண்ணால் கண்டிருக்கிறேன். இன்றைக்குச் சூப்பி, அடுத்த கிழமை போத்தல், அதற்கடுத்த கிழமை பால்மா டின். இலங்கையில் ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைகளில் 82 சதவீதம் தாய்ப்பால் மட்டும் குடிக்கிறார்கள் என்று 2016 கணக்கெடுப்பில் வந்தது. பெரிய பெரிய நாடுகளுக்குக் கிடைக்காத எண் அது. வீடு வீடாக நடந்து நடந்து வந்த எண். அதில் எனக்குக் கொஞ்சம் பக்கச்சார்பு இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

காம்புக் குழப்பம் என்று ஒன்றைச் சொல்வார்கள். இறப்பர் காம்புக்குப் பழகிய பிள்ளை மார்பைப் பிடிக்காது என்பது. போத்தலில் இது நடப்பதைக் கண்டிருக்கிறேன், உறிஞ்சாமலே பால் ஊற்றுகிறது அல்லவா. சூப்பியால் மட்டும் நடக்குமா என்பதில் தெளிவான முடிவு இல்லை. ஆனால் மார்பைச் சரியாகப் பிடிக்கவே இன்னும் பழகாத, காம்பு வெடித்து நோகிற நிலையில் உள்ள தாய்க்கு, அந்தச் சிக்கல் தீரும் வரைக்கும் சூப்பியைத் தள்ளி வைப்பதுதான் புத்தி.

இனி மச்சாளின் பக்கம். அவர் பொய் சொல்லவில்லை. மேல்நாடுகளில் சுகமாக இருந்த பிள்ளை நித்திரையிலேயே காரணம் தெரியாமல் இறந்துபோவது பெரிய பயம். பகலோ இரவோ நித்திரை கொள்ளப் போகும்போது சூப்பி கொடுத்த பிள்ளைகளில் இந்த மரணம் குறைவாக இருந்ததைப் பல ஆய்வுகளில் கண்டார்கள். அதை வைத்து அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் 2005இல் நித்திரை நேரத்தில் சூப்பி கொடுக்கும்படி பரிந்துரைத்தது, இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறது. ஆனால் அதே பரிந்துரையில் இன்னொரு வரியும் உண்டு. தாய்ப்பால் குடிக்கும் பிள்ளை என்றால், பாலூட்டல் நன்றாக நிலைபட்ட பிறகே கொடுக்க வேண்டும். ஆக, உங்கள் மச்சாளின் டாக்டரும் நானும் 17 நாள் பிள்ளை விஷயத்தில் ஒரே இடத்தில்தான் நிற்கிறோம். சூப்பி எப்படிக் காப்பாற்றுகிறது என்பது இன்னும் வாதத்தில்தான் இருக்கிறது. பிள்ளையை மல்லாத்திக் கிடத்துவது, முகத்துக்குப் பக்கத்தில் தலையணையும் தடித்த துணியும் இல்லாமல் பார்ப்பது, வீட்டில் யாரும் சிகரெட் பிடிக்காமல் இருப்பது, தாய்ப்பால் கொடுப்பது, இந்த நான்கையும் உறுதியாகச் சொல்லலாம். இவற்றைச் செய்யாமல் சூப்பியை மட்டும் நம்புவதில் அர்த்தமில்லை.

சுத்தம் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு முகாம்களில் வேலை செய்தேன். உதவிப் பெட்டிகளைத் திறந்தால் பால்மா, போத்தல், காம்பு, சூப்பி. நல்ல மனதோடு அனுப்பியதுதான். ஆனால் கரையோரக் கிணறுகள் எல்லாம் உப்புத் தண்ணீர், அடுப்பு இல்லை, விறகு இல்லை. சூப்பி மணலில் விழும், தாய் எடுத்துத் தன் வாயில் ஒரு தடவை சூப்பிவிட்டுப் பிள்ளைக்கு வைப்பாள், அல்லது முந்தானையில் துடைப்பாள். வயிற்றோட்டம் வந்த பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியது இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. அத்தனைக்கும் சூப்பிதான் காரணம் என்று சொல்ல மாட்டேன், தண்ணீரே கெட்டுத்தானே இருந்தது. ஆனால் உங்கள் வீடு முகாம் இல்லை. கேத்தில் இருக்கிறது, சோப் இருக்கிறது. சூப்பியை அவிப்பதற்கு ஆள் இருக்கிறது என்றால் இந்தப் பயத்தில் பாதியைக் கழித்துவிடலாம்.

ஒன்றை மட்டும் என்ன வந்தாலும் செய்யாதீர்கள். சூப்பியைத் தேனிலோ சீனியிலோ தோய்த்துக் கொடுக்க வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி வித்துகள் ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையின் குடலில் முளைத்து, தசைகளைத் தளரச் செய்யும் நஞ்சை உண்டாக்கும். மூச்சுக்கூட நின்றுபோகலாம். அரிதான வருத்தம்தான், என் வேலைக்காலத்தில் ஒன்றுகூட நான் கண்டதில்லை. என்றாலும் ஒரு வயதுக்கு முன் தேன் கூடாது என்பதில் இரண்டாவது கருத்து இல்லை. மாமி "நாங்கள் எல்லாம் தேன் நக்கித்தான் வளர்ந்தோம்" என்பார். சண்டை வேண்டாம், டாக்டர் சொன்னார் என்று சொல்லிவிடுங்கள்.

பிறகு காதும் பல்லும். பின்லாந்தில் 2000ஆம் ஆண்டு வந்த ஓர் ஆய்வில், சூப்பியை நித்திரை வரும் நேரத்துக்கு மட்டும் என்று குறைக்கச் சொல்லிப் பெற்றோருக்கு விளக்கியபோது, நடுக்காது அழற்சி 29 சதவீதம் குறைந்தது. ஆறு மாதத்துக்குப் பிறகுதான் இந்தக் காதுப் பிரச்சினை கூடுதல். நித்திரை மரணப் பயமோ ஆறு மாதத்துக்குப் பிறகு நன்றாகக் குறைந்துவிடும். அதனால் ஆறு மாதத்தில் குறைக்கத் தொடங்கி ஒரு வயதோடு நிறுத்துவது கணக்குக்குச் சரியாக வருகிறது. பல் விஷயத்தில், இரண்டு மூன்று வயதைத் தாண்டியும் சூப்புகிற பிள்ளைக்கு முன்பற்கள் ஒன்றோடொன்று முட்டாமல் இடைவெளி விழும். விரல் சூப்பினாலும் இதுதான். விரலை ஒளித்து வைக்க முடியாது, சூப்பியை ஒளித்து வைக்கலாம் என்பது சூப்பிக்கு இருக்கிற ஒரேயொரு அனுகூலம் என்று பகிடியாகச் சொல்வேன்.

குறைமாதப் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கே வேறு. குழாயால் பால் கொடுக்கப்படும் பிள்ளைக்கு வெறும் சூப்பியைச் சூப்பக் கொடுத்தால், வாயால் குடிக்கச் சீக்கிரம் பழகி, சீக்கிரம் வீட்டுக்குப் போகும் என்பது நன்றாக நிரூபணமான விஷயம். விசேட சிகிச்சைப் பிரிவில் தாதியே சூப்பி வைத்தால் குழம்ப வேண்டாம். உங்கள் மகன் அந்தக் கணக்கில் இல்லை.

இனி என் பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும். பல வருடம் நான் சூப்பியைக் கண்டால் ஏசுவேன். என் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே தலையணைக்குக் கீழே ஒளித்து வைப்பார்கள். டவுனுக்குள் ஒரு தாய், இரட்டைப் பிள்ளைகள், கணவன் கட்டாரில், உதவிக்கு ஆளில்லை. நான் ஏசிய பிறகு அவள் என்னிடம் சூப்பியை மட்டும் ஒளிக்கவில்லை, இரவில் அழுதுகொண்டே இருப்பதையும், பிள்ளைகளைத் தூக்கவே மனமில்லாமல் இருப்பதையும் சேர்த்து ஒளித்துவிட்டாள். இரண்டு மாதம் கழித்து அவளுடைய அக்கா சொல்லித்தான் தெரியும். மனநல கிளினிக்குக்கு அனுப்பி, ஆள் தேறினாள். அந்தப் பிள்ளைகள் இரண்டும் நல்ல நிறையில்தான் இருந்தன, சூப்பி அவளுக்குக் கிடைத்த ஒரே கை உதவி. அதற்குப் பிறகு ஏசுவதை விட்டேன். தராசை முதலில் வைப்பேன், பிறகு தாயின் முகத்தைப் பார்ப்பேன், சூப்பியைப் பற்றிக் கடைசியில்தான் கதைப்பேன். உங்களுக்கும் பகலில்கூடக் கண்ணீர் நிற்காமல் வந்தால், பிள்ளை தூங்கும்போதும் உங்களுக்கு நித்திரை வராவிட்டால், அதை உங்கள் மிட்வைஃப்பிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அது சூப்பியைவிடப் பெரிய விஷயம்.

பின்னேர அழுகைக்கு இப்போது என்ன செய்வது? ஐந்தரை மணிக்கே நீங்கள் சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, சாய்ந்து உட்கார்ந்துவிடுங்கள். அந்த நான்கு மணித்தியாலமும் உங்கள் வேலை பால் கொடுப்பது மட்டும்தான், சமையலை வேறு யாரும் பார்க்கட்டும். ஒரு பக்கம் குடித்து முடிந்ததும் தோளில் போட்டு ஏவறை எடுக்க வைத்து, மற்றப் பக்கம் கொடுங்கள். இரண்டு பக்கமும் குடித்துவிட்டும் சிணுங்கினால் பிள்ளையின் உடுப்பைக் கழற்றிக் கணவரின் வெறும் நெஞ்சில் போட்டு, மேலே ஒரு துவாயால் மூடி, முற்றத்தில் நடக்கச் சொல்லுங்கள். கடற்காற்றும் அப்பாவின் நெஞ்சுச் சூடும் பல பிள்ளைகளை அடக்கியிருக்கிறது. அதற்கும் கேட்காவிட்டால், நகம் வெட்டிக் கழுவிய சின்னி விரலை, சதைப்பக்கம் மேலண்ணத்தில் படும்படி இரண்டு நிமிடம் சூப்பக் கொடுக்கலாம். ஆவேசமாக இழுத்தால் பசி, திரும்ப மார்பில் போடுங்கள். மெதுவாகச் சூப்பிக் கண் சொக்கினால் நித்திரைக்குத்தான் அழுகிறான்.

இந்த அழுகை வேறு விதமானதாக இருந்தால் வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டாம். உடம்பு சுட்டு 38 பாகை செல்சியஸ், பழைய கணக்கில் 100.4, அல்லது அதற்கு மேல் இருந்தால், உடம்பு குளிர்ந்து சோர்ந்து கிடந்தால், இரண்டு மூன்று தடவை தொடர்ந்து பால் மறுத்தால், பச்சை நிறத்தில் சத்தி எடுத்தால், மஞ்சள் உள்ளங்கை உள்ளங்கால் வரைக்கும் இறங்கியிருந்தால், மூச்சு வேகமாக இழுத்தால், நேரம் பாராமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். இப்படிப்பட்ட பிள்ளையின் வாயில் சூப்பியை வைத்து அமத்தப் பார்ப்பதுதான் எனக்குத் தெரிந்த மிகப் பெரிய ஆபத்து.

ஐந்தாறு கிழமையானதும் நிறை ஒழுங்காக ஏறியிருந்து, பால் கொடுக்கும்போது நோவு இல்லாமல் இருந்து, அப்போதும் உங்களுக்குக் கொடுக்க விருப்பம் என்றால் கொடுக்கலாம். அதில் குற்ற உணர்ச்சி வேண்டாம். மச்சாள் அனுப்பியதை எடுத்துப் பாருங்கள். ஒரே துண்டாக வார்த்ததாக இருக்க வேண்டும். காம்பு தனி, தட்டுத் தனி என்று ஒட்டியது வேண்டாம், கழன்று தொண்டைக்குள் போகும். தட்டு ஒன்றரை அங்குலத்துக்குக் குறையாமல், காற்றுத் துளைகளோடு இருக்க வேண்டும். முதல் தடவை ஐந்து நிமிடம் அவியுங்கள், அதற்குப் பிறகும் ஒவ்வொரு நாளும் ஒரு தடவை. காம்பை இழுத்துப் பாருங்கள், வெடிப்போ ஒட்டுகிற தன்மையோ வந்தால் எறிந்துவிடுங்கள். 31ஆம் நாள் பஞ்சாயுதம் போடுவீர்கள். அந்தச் சங்கிலியிலேயே சூப்பியைக் கோத்துவிட்ட வீடுகளைக் கண்டிருக்கிறேன். கழுத்தில் நூலோ சங்கிலியோ கொண்டு சூப்பியைக் கட்டக் கூடாது, ஏணைக் கயிற்றிலும் கட்டக் கூடாது. பால் கொடுத்த பிறகு, நித்திரைக்குப் போகும் நேரத்தில் மட்டும் கொடுங்கள். நித்திரையில் விழுந்தால் திரும்ப வைக்காதீர்கள். துப்பினால் திணிக்காதீர்கள், சில பிள்ளைகளுக்குச் சூப்பி பிடிக்கவே பிடிக்காது, அது நல்லதுதான். பிள்ளையின் நாக்கில் தேய்த்தாலும் போகாத வெள்ளைப் படலம் வந்தால் அது பூஞ்சணம், உங்கள் காம்பிலும் தொற்றும், இரண்டு பேருக்கும் மருந்து எடுக்க வேண்டும்.

மாமியைப் பற்றி ஒரு வார்த்தை. பால் காணாது என்று அவர் சொல்வது உங்களைக் குத்துவதற்காக இருக்காது. அழுகிற பேரனைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் வருகிற பேச்சு அது. அவரிடம் சிறுநீர்க் கணக்கை எண்ணும் வேலையைக் கொடுத்துவிடுங்கள். கொப்பியில் கோடு போட்டு வைக்கட்டும். ஆறைத் தாண்டும்போது அவரே பால் காணும் என்பார்.

நாளைக்கு உங்கள் பகுதி மிட்வைஃப்பைக் கூப்பிட்டோ, கிளினிக்குக்குப் போயோ பிள்ளையை நிறுத்துப் பாருங்கள். துடக்கு என்று தயங்கினால் அவரையே வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், பிள்ளை பிறந்த வீட்டுக்கு வருவது அவருடைய கடமைதான். பால் கொடுப்பதையும் அவர் முன்னாலேயே கொடுத்துக் காட்டுங்கள், பிடி சரியா என்று பார்ப்பார். அப்புறம் அந்த நிறையையும், ஒரு நாள் சிறுநீர்க் கணக்கையும் எனக்கு இங்கேயே எழுதுங்கள். 2850க்குக் கீழே இருந்தால் எனக்கு எழுதிக்கொண்டிருக்காமல் நேரே டாக்டரிடம் போங்கள்.